உதட்டில் ஒட்டிய நீலம்

படக்குழுவில் எல்லோருக்கும் அவள் மேக்கப் அக்கா. ஆறு வருடம் ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்த்துவிட்டு ஒப்பனைக்கு வந்தவள். செத்தவனைச் சோதனை செய்து பிழைக்க வைக்கும் பேய்ப்படத்துக்கு இவளே சரி என்று இயக்குநர் தேடிப் பிடித்திருந்தார். ஆராய்ச்சிக்கூடம் என்பது ஒரு காலிக் கிடங்கு. உயிர் கொடுக்கும் எந்திரம், பழைய வாஷிங் மெஷின்.

பிணமாக நடித்தவரைப் ‘பொணம்’ என்றே கூப்பிட்டார்கள். ஐம்பது வயது, ஓயாத வாய். மூன்றாம் நாள் அவர் முகத்தைத் துடைக்கும்போது அவளுக்குச் சுருக்கென்றது. சாயமெல்லாம் பஞ்சோடு வந்துவிட்டது; உதட்டு நீலம் மட்டும் வரவில்லை. உன் சாயம் அவ்வளவு உசத்தி என்று அவர் சிரித்து மழுப்பினார்.

அவள் நம்பவில்லை. அன்றிலிருந்து அவர்மேல் ஒரு கண் வைத்தாள். படி ஏறும்போது பாதியில் நின்று, செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல் குனிவார்; போட்டிருந்ததோ வாரில்லாத செருப்பு. மேசையில் மல்லாந்து படுக்கச் சொன்னால் தலைக்கு இரண்டு செங்கல் கேட்பார். பிணத்துக்கு எதற்குத் தலையணை என்று இயக்குநர் கேலி செய்தார்.

ஆறாம் நாள் அவள் அவர் உதட்டைத் தொடவே இல்லை. கேமராவில் பார்த்த இயக்குநர், இன்றைக்குத்தான் நிஜப் பிணம் மாதிரி இருக்கிறது என்று மெச்சினார்.

"உதட்டுல நான் ஒண்ணுமே பூசலை சார். இவரை டாக்டர்கிட்ட காட்டணும்."

இயக்குநர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். அவள் கணவனும் துணை நடிகன். வேஷமில்லாமல் வீட்டில் இருந்தான்.

"உன் வீட்டுக்காரருக்கு வேஷம் வேணும்னா நேராக் கேளும்மா."

முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. நேராகப் போய்ப் பொணத்தின் நாடியைப் பிடித்தாள். துடிப்பு தாறுமாறாக ஓடியது.

"எத்தனை நாளா இப்படி, அண்ணே?"

"நாலு மாசம். மெதுவாப் பேசு, என் பொண்டாட்டிக்கே தெரியாது. இருபது வருஷமாப் பொணமா படுத்திருக்கேன். இந்தப் படத்துலதான் பொணம் எழுந்து பேசுது, ரெண்டு பக்க வசனம்."

"பேச மூச்சு வேணாமா?"

வேஷத்தோடேயே அவரை ஆட்டோவில் ஏற்றினாள். இதய வால்வு பழுது என்றார்கள்; அந்த வாரமே அறுவை சிகிச்சை நடந்தது. மூன்று மாதம் கழித்து, நிறுத்தி வைத்திருந்த படப்பிடிப்புக்கு அவர் வந்து இரண்டு பக்கத்தையும் ஒரே மூச்சில் பேசி முடித்தார்.

அடுத்த படத்துக்கு இயக்குநர் அவளைக் கூப்பிடவில்லை. ஆனால் பொணத்தின் மனைவி வீடு தேடி வந்தாள். கைகளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுது முடித்ததும் குரலைத் தாழ்த்தினாள்:

"வேற என்னென்ன மறைக்கிறார், சொல்லு."