புஷ்பவல்லி உடைத்த பெட்டி

சுங்கை வே தொழிற்சாலையில் புஷ்பவல்லிக்கும் எனக்கும் பதினெட்டு வருஷப் பழக்கம். ஒரே வேன், ஒரே ஷிஃப்ட். சுவிட்சுகளை எண்ணிக் கொடுக்கும் ஸ்டோரில் இரண்டு பேருக்கும் வேலை. பத்து சுவிட்ச் ஒரு தட்டு, பத்துத் தட்டு ஒரு பெட்டி. யார் எத்தனை கேட்டாலும் அவள் கை தப்பியதே இல்லை. ஆனால் டெங்கில் ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தை இரண்டாம் வகுப்போடு விட்டவள். காகிதத்தைக் கண்டால் வெலவெலத்துப் போவாள்.

போன வருஷம் ஸ்டோர் கீப்பர் வேலை காலியானது. எழுத்துத் தேர்வு வைத்தார்கள், கால்குலேட்டர் கிடையாது. கணினி படுத்துவிட்டால் கையால் கணக்கு எழுத வேண்டுமாம். கூட்டலில் தப்பித்தவள் கழித்தலில் மாட்டிக்கொண்டாள். 302-இல் 147 போனால் 245 என்று எழுதிவிட்டு வந்தாள்.

"ரெண்டுல ஏழு போகாதுல்ல? அதான் ஏழுல ரெண்டக் கழிச்சிட்டேன்" என்றாள் வேனில்.

"அடிப்பாவி! அப்ப தொண்ணூறு சுவிட்ச் கூட நிக்குதே, அது வானத்துலேர்ந்து விழுந்துச்சா?"

சிரித்தாள். பிறகு செந்தூலில் இறங்கும்வரை ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள். எனக்கு என் வாயிலேயே போட்டுக்கொள்ள வேண்டும் போலிருந்தது. இன்னும் ஒரே ஒரு தடவைதான் எழுத விடுவார்கள். அதுவும் போனால் வெளியிலிருந்து ஆள் வரும். வருகிற ஆளுக்கு இவள்தான் வேலை சொல்லித்தர வேண்டும். முன்பு வந்த இரண்டு கீப்பர்களுக்கும் இவள்தான் சொல்லித்தந்தாள். நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மறுநாள் டீ பிரேக்கில் அதே கணக்கைத் தரையில் இறக்கினாள். மூன்று பெட்டி, இரண்டு உதிரி சுவிட்ச். நடுவில் தட்டு ஒன்றுகூட இல்லை. ஒரு பெட்டியின் டேப்பைக் கீறினாள், பத்துத் தட்டு வந்தது. அதில் ஒன்றைக் கவிழ்த்தாள். உதிரி பன்னிரண்டு ஆனது. ஏழை எண்ணித் தள்ளிவிட்டு அப்படியே நின்றாள்.

"தங்கமணி, இதத்தானடி தெனம் செய்யறேன்! பெட்டிய உடைக்காம உதிரி எங்கேர்ந்து வரும்?"

நாலு தட்டும் ஒரு பெட்டியும் எடுத்தாள். மிச்சம் 155. இரண்டு தரம் எண்ணினோம்.

அடுத்த தேர்வில் 500-இல் 268-ஐக் கழிக்கச் சொன்னார்கள். பென்சிலால் பெட்டியும் தட்டுமாக வரைந்து, அடித்து, 232 என்று எழுதினாள். தேர்வு வைத்த அதிகாரி சிவநேசன் புருவத்தைச் சுருக்கினார்.

"விடை சரிதான் அக்கா. ஆனா ஸ்டெப் ஒண்ணும் காணோமே. படத்துக்கு எப்படி லா மார்க் போடறது?"

பதினெட்டு வருஷமாக "சரி சார்" என்பதைத் தவிர அதிகாரிகளிடம் வேறு எதுவும் பேசாதவள் எழுந்து நின்றாள்.

"கீழ ஸ்டோருக்கு வாங்க சார்."

வந்தார். ஐந்து பெட்டியை அவர் முன்னால் வைத்தாள்.

"எரநூத்தி அறுபத்தெட்டு எடுங்க. எந்தப் பெட்டியையும் உடைக்கக் கூடாது."

இரண்டு பெட்டியை நகர்த்தினார். மூன்றாவதன்மேல் கையை வைத்தபடி அசையாமல் நின்றார். நான் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா, கத்தி எங்க?"

எடுத்து நீட்டினாள். பெட்டியை உடைத்தார், ஒரு தட்டைக் கவிழ்த்தார், வியர்க்க வியர்க்க எண்ணினார். மிச்சம் இரண்டு பெட்டி, மூன்று தட்டு, இரண்டு உதிரி. அவள் வரைந்த படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். தரையில் உட்கார்ந்தபடியே முழு மார்க் போட்டார்.

"திங்கக்கிழமையிலேர்ந்து ஸ்டோர் சாவி ஒங்ககிட்டதான் அக்கா."

நான் வெட்கமில்லாமல் அழுதுவிட்டேன். என் புஷ்பவல்லி! அவளோ இடுப்பில் கையை வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

"சரி சார். எறக்குனதெல்லாம் அடுக்கி வெச்சிட்டுப் போங்க."

அவர் அடுக்கினார்.