மரிவிக் சொல்லாத தேதி

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு நேர்காணல். வெள்ளிக்கிழமை மகளுக்கு இருபத்தொன்று முடிகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் கிடந்த மூன்று நாட்களில்தான் மரிவிக்கின் பத்து வருடத் தவம் ஊசலாடிக்கொண்டிருந்தது.

ஜப்பானில், யோகோசுகாவில் உள்ள அமெரிக்கக் கடற்படைத் தளத்தில் மரிவிக்கைத் தெரியாதவர்கள் குறைவு. தளத்துக் கடையில் வாங்கிய சாமான்களைப் பையில் அடுக்கி, வண்டியில் தள்ளிக்கொண்டு போய்க் காரில் ஏற்றிவிடும் வேலை அவளுக்கு. முட்டைக்கு மேல் பால் டப்பாவை வைத்தாள் என்று அவள் மேல் ஒரு புகார் வந்தது கிடையாது. கணவன் கர்டிஸ் ப்ரூயிட் போர்க்கப்பலில் இயந்திர அறைக்காரன். அதிகம் பேசமாட்டான். மனைவி கருவாடு வறுத்தால் மட்டும் எல்லா ஜன்னலையும் திறந்துவைத்துவிட்டு, பிறகு முதல் ஆளாகத் தட்டை எடுத்துக்கொண்டு வந்து உட்காருவான்.

அவள் ஊர் பிலிப்பைன்ஸில் இலோய்லோ. மகள் கிரிஸெல்லைப் பதினொரு வயதில் தங்கையிடம் ஒப்படைத்துவிட்டு ஹாங்காங்குக்கு வீட்டு வேலைக்குப் போனவள். பேருந்து கிளம்பும்போது அந்தக் குழந்தை அழவில்லையாம். "எப்பம்மா கூட்டிட்டுப் போவே?" என்று மட்டும் கேட்டதாம். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் அதற்குப் பிறகு அவள் உயிரோடு இருந்தாள் என்று நான் சொன்னால் அது மிகையில்லை.

ஹாங்காங்கில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேவாலய வாசலில், கரைக்கு வந்திருந்த கர்டிஸைப் பார்த்தாள். இரண்டு வருடம் கடிதமும் தொலைபேசியும். பிறகு கல்யாணம். அன்றைக்கு மகளுக்குப் பதினெட்டு வயதும் இரண்டு மாதமும். அந்த இரண்டு மாதம்தான் குடியைக் கெடுத்தது. பதினெட்டுக்குள் கல்யாணம் நடந்திருந்தால் கர்டிஸே அவளைத் தன் பிள்ளையாக அழைத்துக்கொண்டிருக்கலாம். இப்போது மிச்சம் இருந்தது ஒரே வழி. மகளுக்கு இருபத்தொன்று ஆவதற்குள் தாய் அமெரிக்கக் குடிமகளாகிவிட வேண்டும். ஆகிவிட்டால் கிரிஸெல் பிள்ளைக் கணக்கில் சேருவாள். ஒரு நாள் தாண்டினாலும் வளர்ந்த பிள்ளைகளின் வரிசைக்குப் போக வேண்டும். அந்த வரிசையில் நிற்கிறவர்களுக்குத் தலை நரைத்துவிடுகிறது.

படைவீரர்களின் மனைவிகளுக்கு ஒரு சலுகை உண்டு. கடல் கடந்து போகாமல், கணவன் வேலை பார்க்கும் தளத்திலேயே குடியுரிமை வாங்கிக்கொள்ளலாம். அதிகாரி இங்கேயே வந்து கேள்வி கேட்பார். திருப்தி என்றால் இங்கேயே கையை உயர்த்திச் சத்தியம் செய்யலாம். ஆனால் அந்தத் தடவை வந்த அதிகாரி மூன்று நாள்தான் இருப்பார். வியாழக்கிழமை மதியம் ஒரு மணிக்கு விமான நிலையத்துக்குக் கிளம்பிவிடுவார். அடுத்த வருகை இரண்டு மாதம் கழித்து.

நேர்காணலுக்கு வர வேண்டிய கர்டிஸோ கடலில் இருந்தான். திடீரென்று உத்தரவு வந்து கப்பல் போய்விட்டது. எப்போது போனது, எப்போது வரும் என்பதெல்லாம் எங்கள் வாயில் வராது. கடற்படைக்காரனைக் கட்டிக்கொண்டவள் முதலில் கற்கும் பாடம் அது. அந்தக் கப்பலின் மனைவிமார்களுக்கு எல்லாச் செய்தியும் சொல்லும் பொறுப்பில் இருந்த லூர்தெஸ் அக்கா அதை மந்திரம்போல் ஓதியிருந்தாள்.

"அம்மா கேட்டாலும் சொல்லாதே. பாதிரியார் கேட்டாலும் சொல்லாதே. நல்லவ மாதிரி வந்து பேச்சுக் கொடுப்பாங்க. நீ ஒரு தேதி சொல்லுவே, அங்க முந்நூறு பேரு கடல்ல கெடப்பாங்க."

நேர்காணலுக்கு முந்தைய வாரம் முழுக்கக் கடையில் பாடம்தான் நடந்தது. ஒரு பக்கம் மரிவிக் சாமான் அடுக்குவாள், மறுபக்கம் லூர்தெஸ் கேள்வி கேட்பாள்.

"செனட்டர் எத்தனை பேரு?"

"நூறு."

"உன் புருஷனுக்குச் சாக்ஸ் எத்தனை ஜோடி?"

"ஜோடியா ஒண்ணுகூட இல்லக்கா. எல்லாம் ஒத்தைதான்."

"இதைக் கேட்டா இப்படிச் சொல்லாதே. குடும்பம் சரியில்லைன்னு எழுதிடுவாங்க."

விளையாட்டாகச் சொன்ன அந்த வார்த்தை நிஜமாகவே பலித்துவிடும் என்று அக்காவுக்கு எப்படித் தெரியும்?

அதிகாரியின் பெயர் திருமதி ப்ரானிகன். மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கும் வழக்கம். மரிவிக் வாசித்தாள், எழுதினாள், கேட்ட ஆறு கேள்விக்கும் ஆறு பதிலும் சரியாகச் சொன்னாள். அதிகாரி லேசாகச் சிரிக்கக்கூடச் செய்தார். பிறகு தாளைப் புரட்டினார்.

"நீங்களும் உங்க கணவரும் ஒண்ணா வாழுறீங்களா?"

"ஆமா மேடம்."

"இன்னிக்கு அவர் வரலையே?"

"கப்பல்ல இருக்காரு."

"எப்பக் கிளம்பினாரு?"

 சுவரில் கடிகாரம் நடந்துகொண்டிருந்தது.

"அதை நான் சொல்லக் கூடாது மேடம்."

"எப்பத் திரும்பி வருவாரு?"

"அதையும் சொல்லக் கூடாது."

அதிகாரியின் பேனா நின்றது. "திருமதி ப்ரூயிட், நான் அரசாங்க ஆளு. நீங்க கடைசியா அவரை என்னிக்குப் பார்த்தீங்க? அதையாவது சொல்லுங்க."

கடைசியாகப் பார்த்த நாளைச் சொன்னால் கப்பல் கிளம்பிய நாளைச் சொன்ன மாதிரிதானே!  நல்லவள்போல் வந்து பேச்சுக் கொடுப்பார்கள் என்று அக்கா சொன்னது இவரைத்தானா? நாட்டுக்கு உண்மையாக இருப்பேன் என்று சத்தியம் செய்ய வந்தவள் சத்தியத்துக்கு முன்பே வாய்திறந்து விடுகிறாளா என்று பார்க்கிறார்களா? ஒரு பக்கம் மகள். மறுபக்கம் இயந்திர அறையின் வெக்கையில் நிற்கும் அந்தப் பேசாத மனிதன். எந்தத் தாய்க்கும் இப்படி ஒரு தராசு கையில் வரக் கூடாது.

"மன்னிக்கணும் மேடம்," என்றாள். "சொல்ல மாட்டேன்."

அதிகாரி பேனாவை மூடினார். "சேர்ந்து வாழுறீங்கன்னு எனக்கு நம்பிக்கை வரணும். பிரிஞ்சு போனவங்களும் கப்பல்ல இருக்காருன்னுதான் சொல்றாங்க. இன்னிக்கு என்னால முடிவு சொல்ல முடியாது."

கோப்பு மூடப்பட்டது. அந்தச் சத்தம் பெரிய சத்தமில்லை. மரிவிக்குக்கு மட்டும் அது இலோய்லோவில் பேருந்துக் கதவு மூடிய சத்தமாகக் கேட்டது.

கடைக்குப் பின்னால், வண்டிகள் நிறுத்தும் இடத்தில் வைத்து லூர்தெஸ் அவளை உலுக்கிவிட்டாள்.

"பைத்தியமாடீ நீ? அந்தம்மா யாரு, எதிரி நாட்டு ஆளா? அவங்க மேசை மேல அமெரிக்கக் கொடி இருந்துச்சா இல்லையா?"

"கொடி கடையிலயும்தான் விக்குது."

"வாயைப் பாரு. அங்க இந்த வாய் எங்க போச்சு?"

"நீதானக்கா சொன்னே. பாதிரியார் கேட்டாலும் சொல்லாதேன்னு."

"பாதிரியாரு குடியுரிமை தர மாட்டாருடி."

"உன்னைக் கேட்டிருந்தா நீ சொல்லியிருப்பியா? உள்ளதைச் சொல்லு."

லூர்தெஸ் பத்தொன்பது வருடமாகக் கடற்படைக்காரனோடு குடும்பம் நடத்துகிறவள். கொஞ்ச நேரம் ஒரு காலி வண்டியை முன்னும் பின்னும் உருட்டினாள்.

"மாட்டேன்," என்றாள் கடைசியில். "கெளம்பு. சொல்ல அதிகாரம் உள்ளவன் எவனோ அவன் சொல்லட்டும்."

கர்டிஸுக்கு அனுப்பிய மின்னஞ்சல் போய்ச் சேரவில்லை. கப்பலின் வெளித்தொடர்பு நிறுத்தப்பட்டிருந்தது. கரையில் அந்தக் கப்பல் அணியின் அலுவலகத்தில் டெலானி என்ற ஆள் இருந்தார். பெரிய உடம்பு, சின்னக் குரல். விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"தேதியை நானும் எழுத முடியாதும்மா."

"தேதி வேணாங்க," என்றாள் மரிவிக். "அவரு என்னை விட்டுட்டுப் போகலைன்னு எழுதுங்க. நீங்க அனுப்பித்தான் போனாருன்னு எழுதுங்க. அது போதும்."

டெலானி எழுதினார். ஆனால் கையெழுத்துப் போட வேண்டியது தளபதி. அவர் டோக்கியோவில் கூட்டத்துக்குப் போயிருந்தார். புதன்கிழமை சாயங்காலம் வருவார் என்றார்கள், வரவில்லை. அன்று முழுக்க மரிவிக் அந்த அலுவலக நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நாற்காலியைவிட்டு எழுந்தால் கடிதம் கைவிட்டுப் போய்விடும் என்பது போல. நடுவில் கிரிஸெல் கூப்பிட்டாள்.

"அம்மா, என்னாச்சு? பாஸா?"

"பரீட்சைக் கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிட்டேன்டா."

"அப்புறம் ஏன் உன் குரல் இப்படி இருக்கு?"

"ஜலதோஷம்."

பெற்ற மகளிடம் அன்று அவள் சொன்ன பொய் அது ஒன்றுதான். அதைச் சொல்லிவிட்டுக் கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

வியாழக்கிழமை பத்து ஐம்பதுக்குத் தளபதி வந்தார். நின்றபடியே கையெழுத்துப் போட்டார். லூர்தெஸின் சின்னக் கார் தளத்துக்குள் அனுமதித்த வேகத்தை மதிக்கவில்லை. இவர்கள் போய்ச் சேர்ந்தபோது நேர்காணல் அறை வாசலில் ஏழு பேர் வரிசையில் இருந்தார்கள். மணி பதினொன்று பத்து. ஒவ்வொரு பெயராகக் கூப்பிடக் கூப்பிட மரிவிக் ஜெபமாலையை உருட்டினாள். பன்னிரண்டு அடிக்கும்போது வரிசையில் இன்னும் இரண்டு பேர். அதில் ஒருத்தி, கைக்குழந்தைக்காரி, மரிவிக்கின் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் ஒதுங்கி வழிவிட்டாள். அவள் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. மகராசி எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

திருமதி ப்ரானிகன் கடிதத்தை இரண்டு தரம் படித்தார்.

"இதுலயும் தேதி இல்லை."

"இல்லை மேடம்."

"இருபத்திரண்டு வருஷமா இந்த நாற்காலியில உட்கார்ந்திருக்கேன். பொய் சொன்னவங்க நிறையப் பேரு. தெரியும், ஆனா சொல்ல மாட்டேன்னு என் முகத்துக்கு நேரா சொன்னது நீங்க ஒருத்திதான்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவர் உத்தியோகமா போயிருக்காருன்னு கடிதம் சொல்லுது. உங்களோட வாழுறாருன்னு நீங்கதான் சொல்லணும். கப்பலை விடுங்க. வீட்டைப் பத்திக் கேக்குறேன். கட்டில்ல அவர் எந்தப் பக்கம் படுப்பாரு?"

மரிவிக்கின் முகம் சிவந்தது. ஆனால் இதற்கு எந்தத் தடையும் இல்லையே.

"கதவுப் பக்கம் மேடம். கப்பல் பழக்கம். மணி அடிச்சா மொதல்ல ஓடணுமாம். பூட்ஸையும் அங்கேயே வெச்சிருப்பாரு. தண்ணி குடிக்க எழுந்தா நான் அதுல காலை விட்டுத் தடுக்கி விழுவேன். ஒரு தரம் நகம் பேந்துடுச்சு." கையிலிருந்த ஜெபமாலையை மடக்கிக்கொண்டாள். "இப்ப அந்த இடம் காலியா இருக்கு. இருந்தாலும் நான் சுத்திக்கிட்டுத்தான் போறேன்."

அதிகாரி கோப்பைத் திறந்து ஓரிடத்தில் முத்திரை குத்தினார். பிறகு எழுந்து நின்றார்.

"வலது கையைத் தூக்குங்க. எனக்கு வண்டிக்கு நேரமாச்சு."

பன்னிரண்டு இருபத்தைந்துக்கு மரிவிக் சத்தியம் செய்தாள். பிறந்த மண்ணின் மேல் உள்ள பற்றை விட்டுவிடுகிறேன் என்ற வரி வந்தபோது அவள் குரல் ஒரு கணம் நின்றது. பிறகு தொடர்ந்தது. வாசலில் நின்ற லூர்தெஸ் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வெளியே வந்ததும் இலோய்லோவுக்குத் தொலைபேசி. மரிவிக்கால் பேச முடியவில்லை. விம்மல் மட்டும்தான் வந்தது. லூர்தெஸ்தான் பிடுங்கிப் பேசினாள்.

"கிரிஸெல், உங்கம்மா கையில சான்றிதழ் இருக்கு. இன்னிக்குத் தேதி போட்டது. இன்னிக்கு உனக்கு எத்தனை வயசு?"

மறுமுனையில் அழுகையும் சிரிப்புமாக ஒரு குரல்.

"இருபது, பெரியம்மா. இன்னும் இருபதுதான்."

மரிவிக் தொலைபேசியைக் காதோடு சேர்த்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "துணிமணியெல்லாம் இப்பவே கட்டாதே," என்றாள். "இன்னும் பல மாசம் ஆகும். பாஸ்போர்ட் எங்க இருக்குன்னு மட்டும் போய்ப் பாரு. போ, இப்பவே பாரு. நான் லைன்லயே இருக்கேன்."