வலப்பக்கத்து கிட்டார்

அந்த ஆல்பம் என்னிடம் நான்கு விதமாக இருக்கிறது. முதலில் வந்த ஸ்டீரியோ இசைத்தட்டு, அதே காலத்து மோனோ தட்டு, பின்னால் வந்த சிடி, போன வருடம் வெளியான புதிய மிக்ஸ். நாலிலும் அதே பாட்டுகள், அதே ஆட்கள். "அப்புறம் எதுக்கு நாலு?" என்று கேட்காத விருந்தாளி எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை. அதே பருப்பு, அதே புளிதானே, இரண்டு வீட்டு சாம்பார் ஒன்றாகவா இருக்கிறது என்று திருப்பிக் கேட்பேன். பதிவு செய்யும்போது ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனியாக நாடாவில் ஏறுகிறது. எதைத் தூக்குவது, எதை அடக்குவது, எதை இடக் காதுக்குக் கொடுப்பது, எதை வலக் காதுக்குக் கொடுப்பது என்று பிற்பாடு ஒருவர் உட்கார்ந்து தீர்மானிக்கிறார். அதுதான் மிக்ஸ். போன வருடம் அந்த வேலையைச் செய்த மனிதரை நான் திட்டிய திட்டுக்கு அளவே கிடையாது.

இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பாட்டில் இரண்டு கிட்டார்கள். இடப்பக்கத்து கிட்டார் ஆரம்பம் முதல் முடிவு வரை மாடு மாதிரி உழைக்கும். வலப்பக்கத்துக்காரர் சும்மா இருப்பார். பாடகர் ஒரு வரி முடித்ததும் ஒரு சின்னப் பதில் சொல்வார், அவ்வளவுதான். ஓரிடத்தில் கேலியாக, ஓரிடத்தில் சலிப்பாக. கடைசி வரிக்கு மட்டும் பதில் வரக் கொஞ்சம் தாமதமாகும். வருமா வராதா என்று நெஞ்சு ஒரு நொடி நின்று போகும். அந்த ஒரு நொடிக்காகக் கல்லூரி நாளிலிருந்து கேட்கிறேன். ஐம்பது தாண்டியும் பைத்தியம் தெளியவில்லை.

புதிய மிக்ஸ் கைக்கு வந்த அன்று ஹெட்போனை மாட்டிக்கொண்டு நேராக அந்தப் பாட்டுக்குப் போனேன். கிட்டாரைக் காணோம். காணவே காணோம் என்று சொல்ல முடியாது. பக்கத்து வீட்டு டிவி மாதிரி எங்கேயோ முனகிக்கொண்டிருந்தது. கடைசி வரிக்கான பதில் எப்போது வந்தது, எப்போது போனது என்றே தெரியவில்லை. எனக்கு வந்த கோபத்தில் அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்ததைக்கூட நான் பார்க்கவில்லை.

அதே மாதங்களில் வீட்டில் இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. என் கணவர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். சண்டை போட்டு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை, எங்கள் வீட்டில் அது பழகிய விஷயம். வீட்டுக்குள் காபி, கேஸ், பையனின் போன் என்று எப்போதும் போல ஏதாவது சொல்வார். ஆனால் எங்கள் உண்மையான பேச்சு என்றைக்கும் வீட்டில் நடந்ததில்லை, காரில்தான். காலையில் பெங்களூர் பிரேசர் டவுனில் கிளம்பி, அல்சூர், தொம்லூர் வழியாக ஈஜிபுரா தாண்டி என்னை ஆபீஸில் இறக்கிவிட்டு அவர் தன் தொழிற்சாலைக்குப் போவார். ஈஜிபுரா சிக்னலில், கட்டிக்கொண்டே இருக்கும் மேம்பாலத்தின் தூண்களுக்கு நடுவில் வண்டி நிற்கும் நேரத்தில் ஒரு குடும்பத்தையே நடத்திவிடலாம். நாங்கள் நடத்தினோம். பையனை எந்தக் கல்லூரியில் சேர்ப்பது, என் மாமியாரின் முழங்காலுக்கு ஆபரேஷன் செய்வதா வேண்டாமா, எல்லாம் அந்தத் தூண்களுக்கு நடுவில் முடிவானவை. இப்போது அங்கே அவர் வாயே திறப்பதில்லை. முன்னால் போகும் பைக்கைத் திட்டி முணுமுணுப்பது அவர் வழக்கம், அது மட்டும் மிச்சமிருந்தது. அதற்கு ஒரு "ம்" போட்டு வைப்பது என் வழக்கம். போட்டுவிட்டு ஜன்னல் வழியே தெருவைப் பார்த்துக்கொண்டு வருவேன்.

பிறகு ஒரு நாள் சாப்பிடும்போது, எனக்கு ஏற்கெனவே தெரிந்த விஷயம் போலச் சொன்னார். "பூனாவுக்கு சரின்னு சொல்லிட்டேன். ரெண்டு வருஷம். அடுத்த மாசம் சேரணும்."

பூனா என்று ஒரு பேச்சு இருப்பதே எனக்குத் தெரியாது. தட்டிலிருந்து தலையைத் தூக்கினால் அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். குற்ற உணர்ச்சி போலும் என்று நினைத்தேன். என்னைக் கேட்காமல் முடிவெடுத்தவரிடம் நானாகப் போய் ஏன் என்று கேட்பதா? என் சுபாவத்துக்கு அது ஆகாது. "ஓ, சரி," என்றேன். அவரும் எழுந்து கை கழுவப் போய்விட்டார். நேராகப் போய் ஹெட்போனை மாட்டிக்கொண்டேன்.

அன்றிலிருந்து எனக்கு எதிலும் நிலைகொள்ள முடியவில்லை. பாதிப் பாட்டில் எழுந்து தட்டை மாற்றுவேன். மாற்றியதைப் பாதியில் நிறுத்திவிட்டு சிடியைப் போடுவேன். சிடி ஓடும்போதே மாடிக்குப் போய்த் துணி எடுத்து வருவேன், வந்து பார்த்தால் பாட்டு முடிந்திருக்கும். ஒரு பாட்டையாவது முழுதாகக் கேட்டேனா என்றால் இல்லை. இவர் பூனா போய்விட்டால் காலையில் யாரோடு போவேன் என்று நினைப்பு வரும். வந்த வேகத்தில் அதை மிக்ஸ் செய்தவர் தலையில் போட்டுவிடுவேன். அவர்தான் வசதியாகக் கண்காணாத தேசத்தில் இருந்தாரே.

இந்த வியாதி எங்கள் வீட்டில் எனக்கும் என் தம்பிக்கும் மட்டும். இரண்டு தெரு தள்ளி இருக்கிறான், ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்துவிடுவான். புதிய மிக்ஸை அவனிடம் போட்டுக் காட்டினேன்.

"அக்கா, இதுல அந்த கிட்டாரை நல்லா ஏத்தியில்ல வச்சிருக்காங்க? நீ என்ன இல்லைங்கிற?"

"உனக்குக் காது இருக்கா?"

"இருக்கு. அதனாலதான் சொல்றேன்."

நிரூபிக்கிறேன் பார் என்று பழைய ஸ்டீரியோ தட்டைப் போட்டேன். அதிலும் கிட்டார் அமுங்கிக் கிடந்தது. எனக்கு ஒரு கணம் திக்கென்றது. நல்ல மூளைக்காரியாக இருந்தால் அங்கேயே விளங்கியிருக்கும். எனக்கு ஊசி தேய்ந்துவிட்டது என்று விளங்கியது. புது ஊசி வாங்கினேன். சரியாகவில்லை, ஒயரை மாற்றினேன். அதற்கும் மசியவில்லை என்று ஹெட்போனையே புதிதாக வாங்கினேன். தெருவில் கரண்ட் சரியில்லை, வோல்டேஜ் ஏறி இறங்குகிறது என்றுகூட ஒரு நாள் சொன்னேன். தம்பி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், என்னைப் பெற்ற அம்மா இருந்திருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பாள்.

கடைசியில் மோனோ தட்டைப் போட்டேன். என்ன ஆச்சரியம், எல்லாம் இருந்தது! மோனோவில் இடம் வலம் என்று பிரிவே கிடையாது, எல்லா வாத்தியமும் இரண்டு காதுக்கும் ஒன்றாகத்தான் போகும். கேலி இருந்தது, சலிப்பு இருந்தது, கடைசி வரியின் தாமதமும் இருந்தது. கண் கலங்கிவிட்டது. அந்த வாரமே நான் கட்சி மாறினேன். மோனோதான் அசல், ஸ்டீரியோ என்பது வியாபாரிகள் கட்டிவிட்ட கதை, ஒரு பாட்டை இரண்டாகக் கிழித்து ஆளுக்கொரு காதில் போடுவது என்ன நியாயம் என்று தம்பியிடம் ஒரு பிரசங்கமே செய்தேன்.

அவன் சிரிக்கவில்லை. "மோனோன்னா கிணத்துக்குள்ள இருந்து பாடற மாதிரி இருக்குன்னு முப்பது வருஷமா சொன்னவ நீ," என்றான்.

"மனுஷி மாறக் கூடாதா?"

"மாறலாம். கொஞ்சம் அப்படியே உட்காரு." ஸ்டீரியோ தட்டை வைத்துவிட்டு, என் தலையிலிருந்த ஹெட்போனைக் கழற்றி, இடம் வலமாகத் திருப்பி மாட்டினான். நான் கத்தினேன். ஹெட்போனைத் திருப்பி மாட்டுவது என்பது எங்கள் சாஸ்திரத்தில் செருப்போடு பூஜை அறைக்குள் போவது. "சும்மா இரு அக்கா," என்று அதட்டினான். தம்பி என்னை அதட்டியது அதுதான் முதல் தடவை.

வலப்பக்கத்து கிட்டார் வந்தது. இடக் காதில், கண்ணாடி மாதிரித் தெளிவாக. ஆனால் மாடு மாதிரி உழைக்கிற இன்னொரு கிட்டாரைக் காணோம். அதுதான் இப்போது பக்கத்து வீட்டில் முனகிக்கொண்டிருந்தது.

நானே கழற்றி மாட்டினேன். மறுபடி கழற்றி மாட்டினேன். தம்பி எழுந்து போய் ஊசியைத் தூக்கி வைத்தான்.

"நீ போன் எந்தக் காதுல வச்சுப் பேசுவ?"

"இடதுலதான். வலது கையில எழுதணுமே."

அவன் நேராக என் கணவரைக் கூப்பிடப் போனான்.

இந்திராநகரில் ஒரு காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனோம், நானும் அவரும் மட்டும். ஒரு சின்னக் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். இடக் காதுக்கு டக்டக்கென்று அழுத்தினேன். வலக் காதுக்கு மாற்றிவிட்டார்கள் போலிருக்கிறது, இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று நினைத்து நான் காத்துக்கொண்டிருந்தேன். கண்ணாடிக்கு வெளியே என் கணவர் நின்றிருந்தார். அவருக்கு அந்தச் சத்தம் கேட்டிருக்காது, ஆனால் அங்கிருந்த பெண் ஒவ்வொரு தடவையும் குமிழைத் திருகிக் கூட்டுவது தெரிந்திருக்கும். அவர் முகம் மாறுவதைப் பார்த்துத்தான் எனக்கு விஷயம் புரிந்தது.

"யாவாகிந்தா மேடம்?" என்று டாக்டர் கன்னடத்தில் கேட்டார், எப்போதிலிருந்து என்று. புது மிக்ஸ் வந்ததிலிருந்து என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். அதற்கும் முன்னாலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருக்கும், ஒரு காது ஒழுங்காக இருந்தால் நிறையப் பேருக்குத் தெரியவே தெரியாது என்றார். நரம்பு சம்பந்தப்பட்டது, போனது திரும்பாது, மெஷின் வைத்துக்கொண்டால் பேச்சு நன்றாகவே கேட்கும். பாட்டு கேட்குமா என்று கேட்டேன். "கேட்கும், ஆனா பழைய மாதிரி இருக்காது," என்றார். நல்ல மனிதர், பொய் சொல்லவில்லை.

வெளியே வந்தோம். என் கணவர் கார் கதவைத் திறந்து வலப்பக்கம் ஏறினார். நான் இடப்பக்கக் கதவில் கை வைத்து அப்படியே நின்றேன். இருபது வருடமாக அவர் ஓட்ட, நான் பக்கத்தில். இருபது வருடமாக அவர் இருந்தது என் வலப்பக்கம்.

சுற்றிக்கொண்டு அவர் பக்கம் போனேன். "இறங்குங்க. நான் ஓட்டறேன்."

"இந்த டிராஃபிக்லயா? உனக்குப் பிடிக்காதே."

"இறங்குங்கன்னா."

இறங்கி, சுற்றிப் போய், இடப்பக்கம் உட்கார்ந்தார். சீட்டைப் பின்னால் தள்ளத் தெரியாமல் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வண்டியை எடுத்தேன். அல்சூர் ஏரிக்குப் பக்கத்து சிக்னலுக்கு வந்தோம். சிவப்பு விழுந்ததும் கேட்டேன்.

"கார்ல நீங்க எங்கிட்ட பேசிக்கிட்டுதான் வந்தீங்களா? இத்தனை மாசமும்?"

"பேசாம? தினமும்தான் பேசினேன். நீதான் ஜன்னலைப் பார்த்துக்கிட்டு எல்லாத்துக்கும் ஒரு 'ம்' போட்டே. எம்மேல ஏதோ கோபம்னு நினைச்சேன்." சீட்டுக்கு அடியில் கைவிட்டு எதையோ தேடினார். "பூனா பத்தியும் கேட்டேன். ஈஜிபுரா சிக்னல்ல."

"என்ன கேட்டீங்க?"

"இந்த மாதிரி வந்திருக்கு, போகட்டுமான்னு கேட்டேன். 'ம்'னே. தனியா இருக்கறது கஷ்டமா இருக்குமான்னு கேட்டேன். அதுக்கும் 'ம்'னே."

"ரெண்டுக்கும் 'ம்'னா நீங்க எதை எடுத்துக்கிட்டீங்க?"

"முதல் 'ம்'மை எடுத்துக்கிட்டேன்," என்றார். "ரெண்டாவதைச் சொல்லும்போது நீ எம்பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கலை. போனா போகட்டும்னு நீ நினைக்கறேன்னு தோணிச்சு."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. காணாமல் போன கிட்டாருக்காக எத்தனை ஞாயிற்றுக்கிழமை மல்லுக்கட்டியிருப்பேன்! பக்கத்தில் ஒரு மனிதன் கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தது எனக்குத் தெரியவில்லை. அவரும் அன்று சாப்பாட்டு மேஜையில் என் முகத்தைப் பார்த்தது குற்ற உணர்ச்சியால் இல்லை, நான் இப்போதாவது ஏதாவது சொல்வேனா என்றுதான்.

"இப்ப கேளுங்க," என்றேன்.

"என்னத்தை?"

"அன்னிக்குக் கேட்டதை."

பச்சை விழுந்துவிட்டது. பின்னால் ஒரு ஆட்டோக்காரர் ஹாரனை அமுக்கிப் பிடித்தார். "வண்டியை எடும்மா," என்றார் கணவர்.

"கேளுங்க முதல்ல."

கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்துக்கொண்டே கேட்டார். "நான் பூனா போகட்டுமா?"

"வேண்டாம். போகாதீங்க." ஆட்டோ ஹாரனுக்கு மேல் கேட்க வேண்டுமே என்று கத்திவிட்டேன். பக்கத்து பைக்கில் இருந்த பையன் திரும்பிப் பார்த்தான்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "சரின்னு சொல்லிட்டேனேம்மா," என்றார் மெல்ல.

"என்ன? காதுல விழலை," என்று கியரைப் போட்டேன். அவர் என் இடப்பக்கம்தான் உட்கார்ந்திருந்தார்.