முதல் அலையை விடுகிறவர்

எங்கள் கடலோர ஊரான ரீட்மொண்டில் ஃபிளிப் கூப்மன் என்றால் இரண்டு விஷயம் எல்லோருக்கும் தெரியும். மீன் ஆலையின் ஐஸ் இயந்திரம் அவர் பேச்சைத்தான் கேட்கும். கடலில் வரும் முதல் அலையை அவர் தொடமாட்டார். முதலாவதால் ஊருக்கு நன்மை. இரண்டாவதால் எனக்கு இரத்தக் கொதிப்பு.

அலைகள் ஒற்றையாக வருவதில்லை. கொஞ்ச நேரம் கடல் செத்தமாதிரி கிடக்கும். பிறகு மூன்று, நான்கு, சில நாள் ஐந்து என்று கூட்டமாக வரும். அந்தக் கூட்டத்தின் முதல் அலையில் ஏறாதே என்பது அலைச்சறுக்குக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த பாடம். பின்னால் வருவதுதான் பெரிதாக, ஒழுங்காக இருக்கும். முதலாவதில் ஏறி விழுந்தால் மிச்சம் அத்தனையும் உன் தலையில் இறங்கும். பாடம் சரிதான், நானும் மதிக்கிறேன். ஆனால் பத்துக்கு ஆறு தடவை மதித்தால் போதாதா? இவர் பத்துக்குப் பத்து.

என் பெயர் சலோமி. அதே ஆலையில் சிங்கி இறால் தரம் பிரிக்கும் மேசையில் நிற்கிறேன். முப்பத்தெட்டு வயதில், புருஷன் வேறு ஊரில் வேறு வீடு பார்த்துக்கொண்டு போன பிறகு, ஒரு சுற்றுலாக்காரன் போட்டுவிட்டுப் போன சறுக்குப் பலகையை எடுத்துக்கொண்டு நானே விழுந்து விழுந்து பழகினேன். ஊரில் பலகையோடு கடலில் இறங்குகிறவர்கள் ஃபிளிப் அண்ணனும் நானும் மட்டும்தான். மற்றவர்களுக்குக் கடல் என்றால் வேலை. "ஆறு நாள் அதோட மல்லுக்கட்டிட்டு லீவு நாள்லயும் அதுலயே போய் விழணுமா?" என்று கேட்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ரப்பர் உடை போட்டிருந்தாலும் பத்து நிமிடத்தில் கால் விரல்கள் இருக்கிற இடம் தெரியாது. எங்கள் தண்ணீர் அப்படி.

அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. அவர் பையனாக இருந்தபோது எங்கள் கரையில் வெள்ளையருக்கு மட்டும் என்று எழுதிய கம்பம் நட்டிருந்தது. மணல்மேட்டுப் புதருக்குள் குப்புறப் படுத்துக்கொண்டு, கேப் டவுனிலிருந்து வரும் பையன்கள் அலையேறுவதை வருஷக்கணக்கில் பார்த்திருக்கிறார். முதலாவதை விட்டுவிட வேண்டும் என்பதை அங்கே படுத்தபடியேதான் கற்றுக்கொண்டார். அந்தக் கம்பத்தைப் பிடுங்கி எறிந்த வருஷம் அவருக்கு இருபத்து மூன்று. ஆலையின் குளிர் அறைச் சுவருக்கு வந்த நுரைக்கட்டியில் மிச்சத்தை அறுத்து, படகுக்குப் பூசும் பிசினைப் பூசி, கதவு கனத்துக்கு ஒரு பலகை செய்துகொண்டு இறங்கினார்.

ஒருநாள் கேட்டேவிட்டேன். "அண்ணே, அவங்க முதலாவதை விட்டது அடுத்தது நல்லா இருக்கும்னு. நீங்க விடுறது, முதல்ல அவங்க எடுத்துக்கட்டும்னு பழகிப்போனதால. இப்போ கடல்ல யாரு இருக்கா? நானும் நீங்களும்தான்."

"அரசியல் பேசாத சலோமி. இது கடல் கணக்கு."

என்ன கடல் கணக்கு? ஆலையில் மேற்பார்வையாளர் வேலை முதன்முறை காலியானபோது இவரைத்தான் கேட்டார்கள். அடுத்த தடவை பார்க்கலாம் என்றார். அடுத்த தடவை அது மேலாளரின் மைத்துனனுக்குப் போனது. இன்றுவரை அந்த ஆள் ஐஸ் இயந்திரத்தின் எந்தப் பக்கம் ஐஸ் வரும் என்று இவரிடம்தான் கேட்கிறான். நான் இதைச் சொல்லிப் பொருமினால் அவர் மனைவி சன்னா சிரிப்பாள். "முதல்ல பாத்த பொண்ண விட்டுட்டாரு. நான் ரெண்டாவதா வந்தவ. அதனால அந்தப் பழக்கத்த நான் மட்டும் திட்ட முடியாது."

இந்தக் குளிர்காலத்தில்தான் எல்லாம் கழுத்துக்கு வந்தது. அவருடைய வலது தோள் மூன்று வருஷமாகக் கெட்டுக்கொண்டே வந்தது. இரண்டு வருஷம் காத்திருந்த பிறகு கேப் டவுன் ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்தது: ஜூலை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அறுவை சிகிச்சை. டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார், கையைத் தலைக்கு மேலே தூக்க முடிந்தாலே பெரிது, கடலில் துழாவிப் போவதையெல்லாம் மறந்துவிடுங்கள் என்று. ஜூன் கடைசி மழையில் ஆறு முகத்துவாரத்தை உடைத்துக்கொண்டு பாய்ந்து, மலை மணலையெல்லாம் வாரிக் கடலுக்குள் கொட்டியது. பதினோரு வருஷத்துக்கு அப்புறம் கடலுக்கடியில் மணல் திட்டு மறுபடி உண்டாகியிருந்தது. திட்டு இருந்தால் எங்கள் கடலில் அலை கண்டபடி கவிழாது. திட்டின் முனையில் எழுந்து, இடப்பக்கமாக மடிந்துகொண்டே, ஆற்றோர நாணல் கரை வரைக்கும் ஓடும். போன தடவை அது பத்து நாள்தான் இருந்தது. அந்தப் பத்து நாளும் ஐஸ் இயந்திரம் படுத்துவிட்டதால் இவர் ஆலையிலேயே கிடந்தார்.

"ஒண்ணே ஒண்ணு போதும். திட்டு முனையில ஏறி நாணல்கிட்ட எறங்கணும். அப்புறம் தோள வெட்டி எடுத்தாக்கூடக் கவலையில்ல" என்றார். அவருக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். ஆலையில் விடுப்பு சொல்லிவிட்டார். திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்குப் பேருந்து. கையில் நான்கு காலைகள் இருந்தன.

வெள்ளிக்கிழமை மூடுபனி. பலகை மேல் உட்கார்ந்தால் பலகையின் முனை தெரியவில்லை. அலை உடைகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. கூப்பிடு தூரத்தில் விருந்து நடக்க, கண்ணைக் கட்டி உட்கார வைத்ததுபோல ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுத் திரும்பினோம். சனிக்கிழமை விடிவதற்கு முன்பே தெற்குக் காற்று எழுந்து கடலைக் குழப்பிவிட்டது. அண்ணன் வண்டியை விட்டு இறங்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமையை நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. மலைப் பக்கமிருந்து வெதுவெதுப்பாகக் கரைக்காற்று வந்தது. குளிர்காலத்தில் எப்போதாவதுதான் வரும். வந்தால் அலையின் முகத்தைச் சீவிவிட்டதுபோல் வைத்திருக்கும். ஆனால் ஞாயிறு ஆராதனைக்கு முன்னால் எங்கள் ஊரில் யாரும் கடலில் கால் வைப்பதில்லை. படகுகளே போகாது. இவரோ சபை மூப்பர். கறுப்புக் கோட்டும் வெள்ளை டையும் போட்டுக்கொண்டு, பிரசங்க பீடத்துக்குப் பக்கத்தில், சபை முழுவதற்கும் முகம் தெரிகிறமாதிரி உட்கார்ந்திருக்க வேண்டும். நழுவ வழியே இல்லை. நான் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். எனக்குக் கடல் தெரிந்தது, அவருக்கு என் முகம் தெரிந்தது. திட்டின் முனையில் ஒவ்வொரு கூட்டமாக எழுந்து நாணல் வரை ஓடிக்கொண்டிருந்தது. நான் பாவி, முகத்தை அடக்கத் தெரியாதவள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் அவர் கைவிரல்கள் முழங்காலை இறுக்கிப் பிடிப்பதைப் பார்த்தேன். போதகர் அன்றைக்கென்று யோபுவின் பொறுமையை எடுத்துக்கொண்டார். எடுத்தவர் லேசில் இறக்கி வைக்கவில்லை. வாசலில் எல்லோரோடும் கைகுலுக்கிவிட்டு அண்ணன் வெளியே வந்தபோது பதினொன்றே முக்கால், காற்று திரும்பியிருந்தது.

"பொறுத்தார் பூமி ஆள்வார்" என்றாள் சன்னா, அவர் கோட்டை வாங்கிக்கொண்டே.

"பூமியத்தான் சொல்லியிருக்கு. கடலப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல" என்றேன். எனக்கு அவள்மேல் கூடக் கோபம் வந்தது.

திங்கள் விடிந்ததும் இறங்கினோம். காற்று இல்லை, பனி இல்லை, திட்டு அங்கேயே இருந்தது. அலைதான் இல்லை. ராத்திரியோடு கடல் வற்றிப்போய், கால் மணிக்கு ஒருமுறை என்னவோ நினைத்துக்கொண்டதுபோல் ஒன்றை அனுப்பியது. ஒரு கடல்நாய் தலையை நீட்டி எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, இதுகளோடு என்ன பேச்சு என்று மூழ்கிவிட்டது.

முதல் கூட்டம் வந்தது. முன்னால் வந்த அலை திட்டின் முனையில் அழகாக எழுந்தது. அவர் அதன் முதுகில் ஏறி இறங்கி, பின்னால் வருகிறதா என்று அடிவானத்தைப் பார்த்தார். பின்னால் ஒன்றும் இல்லை. அந்த அலை ஆளில்லாமல் நாணல் வரை போய்ச் சேர்ந்தது.

"அண்ணே."

"பாத்தேன் பாத்தேன். அடுத்த கூட்டத்துல ரெண்டு மூணு வரும்."

இருபது நிமிடம் கழித்து இரண்டாவது வந்தது. அதுவும் ஒற்றை. அதையும் விட்டார். மறுபடி அடிவானத்தைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். மறுபடி ஒன்றும் இல்லை. எனக்குப் பொறுக்கவில்லை.

"யாருக்காக விடுறீங்க? சொல்லுங்க, யாருக்காக? அந்தக் கேப் டவுன் பசங்கெல்லாம் இந்நேரம் பேரன் பேத்தி எடுத்துருப்பாங்க. இன்னும் அரை மணி நேரத்துல கரையேறணும். நாளைக்கு இந்நேரம் உங்க தோள வெட்டிக்கிட்டு இருப்பாங்க. அப்பவும் படுக்கையில கெடந்து அடுத்தது வரும், அடுத்தது வரும்னு சொல்லிக்கிட்டு இருங்க."

அவர் உதடு நீலமாகியிருந்தது. இடது கையால் வலது தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டு தண்ணீரைப் பார்த்தார்.

"சரி. வர்றத எடுக்கறேன்."

"சத்தியமா?"

"எடுக்கறேன்னு சொல்லிட்டேன்ல."

வந்தது. நான் கத்தினேன், "போங்க, போங்க" என்று. முப்பத்தைந்து வருஷத்தில் முதல் தடவையாகக் கூட்டத்தின் முதல் அலைக்கு அவர் பலகையைத் திருப்பினார். பல்லைக் கடித்துக்கொண்டு நாலு துழாவு துழாவினார், எழுந்து நின்றார். நின்ற அந்த நொடி அவர் முதுகு நேரானதைப் பார்த்தேன். அப்புறம் அந்த அலை திட்டை விட்டு விலகி, மதில் சாய்வதுபோல், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே நேரத்தில் கவிழ்ந்தது. ஏறுவதற்கு அதில் பக்கமே இல்லை. பலகை ஒரு பக்கம் பறந்தது. அவரைக் காணவில்லை. பிறகு கரைக்குப் பக்கத்தில் நுரைக்குள்ளிருந்து தலை வந்தது.

அப்போதுதான் திரும்பினேன். பின்னால் இரண்டாவது வந்துகொண்டிருந்தது.

அந்தக் கடலில் ஒன்பது வருஷமாக அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. அவர் உட்கார்ந்திருந்திருக்க வேண்டிய இடத்தில்தான் அது எழுந்தது. அவர் பழக்கப்படி இருந்திருந்தால் அவருடையது. நான்தான் கத்திக் கத்தி அவரை அந்த இடத்தைவிட்டுக் கிளப்பியிருந்தேன். எடுக்கலாமா வேண்டாமா என்று யோசித்ததாகப் பிறகு சன்னாவிடம் சொன்னேன். பொய். யோசிக்கவே இல்லை. என் கை தானாகத் துழாவியது.

திட்டின் முனையில் ஏறினேன். இடப்பக்கம் அலையின் முகம் கண்ணாடிபோல் நீண்டுகொண்டே போனது, நான் அதன் மேல் போய்க்கொண்டே இருந்தேன். எவ்வளவு நேரம் என்று கேட்டால் தெரியாது. வாய்விட்டுச் சிரித்தது தெரியும். நாணல் கரையில், முழங்கால் தண்ணீரில், தானாக இறக்கிவிட்டது. இறங்கின பிறகுதான் என்ன செய்தேன் என்பது எனக்கு உறைத்தது.

அவர் தூரத்தில் இடுப்புத் தண்ணீரில், வலது கையை இடது கையால் தாங்கிக்கொண்டு நின்றிருந்தார். முழுவதையும் பார்த்திருக்கிறார். நான் அவர் பலகையையும் தூக்கிக்கொண்டு பக்கத்தில் போனேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. எதற்கென்று கேட்பது? இரண்டு பேரும் மணலில் ஏறி நடந்தோம். ரப்பர் உடையின் தோள்பகுதியை நான்தான் கழற்றிவிட வேண்டியிருந்தது. வலியில் முனகினார், அவ்வளவுதான். வண்டியை நான் ஓட்டினேன். பேருந்து நிற்குமிடத்தில், ஆலை மதிலோரம் நிறுத்தினேன். சன்னா பெட்டியோடு இன்னும் வந்திருக்கவில்லை.

"சலோமி, ஒண்ணு கேக்கறேன். பொய் சொல்லக் கூடாது."

"கேளுங்க."

"அதத் திருப்பிக் குடுக்க முடியும்னா, எனக்குக் குடுப்பியா?"

என் தலைமுடியிலிருந்து தண்ணீர் ஸ்டியரிங்கில் சொட்டிக்கொண்டிருந்தது. குடுப்பேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அந்த ஆளுக்கு நான் செய்ததற்கு அந்த ஒரு வார்த்தையாவது கொடுத்திருக்கலாம். முன்கண்ணாடி வழியே நேராகப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"மாட்டேன்ண்ணே."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். தலையை இரண்டு தடவை ஆட்டினார்.

"அப்படின்னா நெஜமாவே நல்ல அலைதான்" என்றார். வலது கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, இருக்கையில் நன்றாகச் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். "திட்டு முனையிலேர்ந்து ஆரம்பி. ஒண்ணையும் விட்டுடாத."

பேருந்து வர இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது. சொல்ல ஆரம்பித்தேன்.