வேனுக்குள் இரண்டு பிளக் பாயிண்ட்

போன ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், உயிரோடு இருந்த ஒரு ரேடியோவைச் செத்துப்போய்விட்டது என்று அறிவித்தேன். அறிவிப்பைக் கேட்கக் கோட்டைப்பட்டினம் கடற்கரைத் தெருப் பெண்கள் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள்.

இதே பக்கத்தில் மூன்று வாரம் மின்சாரத்தைப் பற்றி அறிவுரை வழங்கியவன் நான் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். ஈரக் கையோடு ஸ்விட்சைத் தொடாதீர்கள்... பியூஸ் கம்பிக்குப் பதிலாகக் கொண்டை ஊசியைச் செருகாதீர்கள்... எவ்வளவு கண்டிப்பு! 'உங்கள் வீட்டில் ரிப்பேர் எல்லாம் நீங்களே பார்ப்பீர்களோ?' என்று ஒரு வாசகி கேட்டு எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தை என் மனைவி பத்திரமாக வைத்திருக்கிறாள். சிரிக்கத் தோன்றும்போதெல்லாம் எடுத்துப் படிக்கிறாள்.

சரி, நடந்ததைச் சொல்கிறேன்.

ஹமீது என் பள்ளித் தோழன். ஐந்து வருஷமாகச் சிங்கப்பூரில் ஒரு மளிகைக் கடையில் வேலை. அம்மாவும் மனைவி சபியாவும் கோட்டைப்பட்டினத்தில். இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஊருக்கு வந்த ஒருவரிடம் அம்மாவுக்கு ஒரு ரேடியோ கொடுத்தனுப்பினான். அழகான ரேடியோ. ஒரே ஒரு குறை — அதற்கு மின்சாரம் வேண்டும். மின்கம்பம் பஜார் வரைக்கும்தான் வந்திருக்கிறது. கடற்கரைத் தெருவுக்கு இன்னும் வரவில்லை.

அவன் கிளம்பும்போதே கம்பம் நட அளந்துவிட்டுப் போனார்கள்; இந்நேரம் வந்திருக்கும் என்பது அவன் எண்ணம். வரவில்லை என்பது ஹமீதுக்குத் தெரியாது. தெரியவிடவில்லை. "புள்ள ஆசையா அனுப்பிச்சிருக்கான், பாடலைன்னு எழுதுனா மனசு ஒடஞ்சு போயிருவான். வந்த நாள்லேர்ந்து நல்லாப் பாடுதுன்னுதான் எழுதச் சொல்றேன்" என்று அவன் அம்மாவே என்னிடம் சொன்னார். சொல்லிக்கொண்டே, பூப்போட்ட துணியை விலக்கி ரேடியோவைத் துடைத்தார். தினமும் துடைப்பாராம்.

இந்த நிலையில் ஹமீதிடமிருந்து எனக்கு ஒரு கடிதம். அங்குள்ள தமிழ் ஒலிபரப்பில், ஊரை விட்டு வந்தவர்கள் வீட்டாரோடு பேசலாம் என்று ஒரு நிகழ்ச்சியாம். அவனுக்கு ஒரு நிமிஷம் கிடைத்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை, நம் கணக்கில் மாலை நாலு மணி. 'அந்த ஸ்டேஷனைத் திருப்பி வைக்க வீட்டில் யாருக்கும் தெரியாது. நீ போய், அம்மாவும் சபியாவும் எப்படியாவது கேட்கும்படி செய்' என்று எழுதியிருந்தான்.

பஜார் டீக்கடையில் ரேடியோ இருக்கிறது. ஆனால் அந்தத் தெருப் பெண்கள் பஜாரில் போய் ஆண்களுக்கு நடுவே உட்காரும் வழக்கம் இல்லை. ஐந்து வருஷம் கழித்துக் கேட்கப்போகும் குரலை டீக்கடைக்காரர் கேட்டு வந்து சொன்னால் போதுமா?

'கவலை வேண்டாம். பொறுப்பு என்னுடையது' என்று பதில் போட்டேன். என் கையெழுத்துக்குக் கீழே ஒரு கோடு வேறு இழுத்தேன்.

அந்தத் தைரியத்துக்குக் காரணம் சிதம்பரம். இலுப்பூரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் நண்பர். பழைய மிலிட்டரி ஆம்புலன்ஸ் ஒன்றை வாங்கி, வீடாகவே மாற்றிவிட்டார். இரண்டு கட்டில், ஒரு ஸ்டவ், ஜன்னலுக்கெல்லாம் கடை ஜவுளியில் திரை. விளக்கு உண்டு, ஃபேன் உண்டு. குடும்பத்தோடு கோயில் குளம் போக வர இனிச் சத்திரம் தேட வேண்டாம் என்பது அவர் திட்டம். வேனுக்குள்ளேயே கரண்ட் இருக்கும்போது ரேடியோ பாடுவதற்கு என்ன?

காலையிலேயே கிளம்பினோம். திருவரங்குளம் தாண்டியதும் சிதம்பரம் வண்டியை ஓட்டிக்கொண்டே விளக்க ஆரம்பித்தார்.

"இந்தா பாருங்க எழுத்தாளரே. ரெண்டு பிளக் பாயிண்ட் இருக்கு. இங்கிட்டு இருக்கது பேட்டரி. அங்கிட்டு இருக்கது..."

நான் தலையாட்டினேன். கையில் முறுக்கு இருந்தது. முறுக்கு தின்னும்போது காது கேட்காது என்பது என் அனுபவம். அதோடு, மூன்று வாரம் எழுதியவனுக்கு ஒரு ஜவுளிக்கடைக்காரர் பாடம் எடுப்பதா?

ஊர் போய்ச் சேரப் பன்னிரண்டு மணி ஆகிவிட்டது. வேனை ஹமீது வீட்டு வாசலிலேயே நிறுத்தினோம். சாப்பாடு முடிந்ததும் சிதம்பரம் எழுந்தார். "நான் அப்புடியே பஜார் பக்கம் போயிட்டு வாரேன். வந்து மாட்டித் தாரேன். நீங்க ஒண்ணையும் தொடாதீங்க."

தொடாமல் இருக்க முடிகிற ஆளா நான்?

அவர் தலை மறைந்ததும் வேனின் பின்கதவைத் திறந்துவைத்து எல்லா விளக்குகளையும் போட்டேன். பட்டப்பகலில்! ஃபேனையும் சுழலவிட்டேன். தெருவே வந்து வேடிக்கை பார்த்தது. மூன்று மணி சுமாருக்கு ரேடியோவைத் தூக்கி வந்து வேனுக்குள் வைத்து, ஏரியல் கம்பியை எதிரில் இருந்த தென்னை மரத்தில் கட்டினேன். பெண்கள் வாசலில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். சபியா மட்டும் கதவுக்குப் பின்னால். வளையல் சத்தத்தை வைத்துத்தான் அங்கே நிற்பது தெரிந்தது.

பிளக்கைச் செருகினேன். ரேடியோவைத் திருகினேன்.

ஒன்றும் இல்லை. டயலில் விளக்குக்கூட எரியவில்லை.

பிளக்கைப் பிடுங்கித் திருப்பிச் செருகினேன். ரேடியோவின் தலையில் தட்டினேன். முதுகில் குத்தினேன். பிறகு அடுத்த பிளக் பாயிண்டில் மாட்டினேன். அதிலும் இல்லை. இரண்டிலும் பாடவில்லை என்றால் என்ன அர்த்தம்? நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, டாக்டர் மாதிரி வெளியே வந்தேன்.

"ரேடியோ போச்சும்மா. ரெண்டு வருஷம் சும்மா இருந்ததுல உள்ள கெட்டுப் போயிருச்சு."

அந்த அம்மாள் பூப்போட்ட துணியை மடியில் வைத்து மடித்துக்கொண்டே இருந்தார். மடித்து முடித்ததும் பிரித்து மறுபடியும் மடித்தார். "நான் தொடச்சதுல ஏதும் தண்ணி பட்டுருக்குமோ தம்பி?" என்று கேட்டார். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

அப்போதுதான் சிதம்பரம் வந்தார். விஷயத்தைக் கேட்டார். என்னைப் பார்த்தார். பிளக்கைப் பார்த்தார்.

"எழுத்தாளரே, ரேடியோவுக்கு ஒண்ணும் ஆகல. நீங்க மொதல்ல மாட்டுனது பேட்டரி பிளக்கு. வெறும் பன்னெண்டு வோல்ட்டு. இந்த ரேடியோவுக்கு எரநூத்தி முப்பது வேணும்."

"அடுத்ததில் மாட்டினேனே?"

"அது வெளிக்கரண்டுக்கு. வெளியில ஒரு எடத்துலேர்ந்து வயர் இழுத்து வேன்ல சொருகுனாத்தான் அதுல கரண்டு வரும். காலையில படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

இரண்டும் பார்வைக்கு ஒன்றே போல் இருக்கும் இரண்டு ஓட்டைப் பிளக். கடையில் அந்த ஒரு ரகம்தான் கிடைத்ததாம். ஒன்றில் கரண்ட் போதாது. இன்னொன்றில் கரண்டே கிடையாது. வேன் தானாகவே மின்சாரம் சுரக்கும் என்று நான் நினைத்திருக்கிறேன், பசுமாடு மாதிரி!

மணி மூன்று நாற்பது. பஜார் முனையில் ஒரு ரைஸ் மில் இருக்கிறது. அங்கே மின்சாரம் உண்டு. ரேடியோவைத் தூக்கிக்கொண்டு ஓடலாம். ஆனால் கேட்க வேண்டியவர்கள்? நானும் சிதம்பரமும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. ஹமீதின் கல்யாணத்திலிருந்து நான் ஒரு முறைகூடக் கேட்டிராத குரல்.

"வண்டிக்குத்தான் தெரை இருக்குல்ல? நாங்க உள்ளேயே உக்காந்துக்கிறோம். வண்டியோட கொண்டுபோயி மில்லுல விடுங்க."

அடடா! வீட்டுக்குக் கரண்ட் வராவிட்டால், கரண்ட் இருக்கும் இடத்துக்கு வீட்டைக் கொண்டுபோனால் என்ன? மூன்று வாரம் பத்தி எழுதியவனுக்கு இது தோன்றியதா?

மாமியாரும் மருமகளும் இன்னும் நாலைந்து பேரும் ஏறிக்கொண்டார்கள். திரையை இழுத்துவிட்டோம். சிதம்பரம் சாவியைத் திருகினார்.

கிர்ர்... கிர்... அவ்வளவுதான்.

"பேட்டரி எறங்கிருச்சு. யாருய்யா லைட்டு, ஃபேனு எல்லாத்தையும் போட்டு வச்சது?"

பதில் சொல்லாமல் வேனின் பின்பக்கம் போய்த் தள்ள ஆரம்பித்தேன். அது ஒன்றுதான் நான் அன்று யோசிக்காமல் செய்த நல்ல காரியம். மணல் தெரு. நான் தள்ளியதில் என் செருப்பு மட்டும் நகர்ந்தது. வலை காயப்போட்டுக்கொண்டிருந்த ஏழெட்டுப் பேர் ஓடி வந்து கை கொடுத்தார்கள். "ஆளு தள்ளுறாரா, சாஞ்சுக்கிட்டு வாராரா?" என்று ஒருவர் என்னைப் பற்றிக் கேட்டது காதில் விழுந்தது. தெருமுனையில் எஞ்சின் இருமிக்கொண்டு கிளம்பியது.

மில்லில் ஆபீஸ் அறைச் சுவரில் இருந்தது மூன்று ஓட்டைப் பிளக். சிதம்பரத்தின் வயரில் இருந்தது இரண்டு முள். அவர் யோசிக்கவே இல்லை. முள்ளை வெட்டி எறிந்து, வயர் நுனியைச் சீவி, ஓட்டைக்குள் விட்டுத் தீக்குச்சியால் இறுக்கினார். இப்படியெல்லாம் செய்யவே கூடாது என்று இரண்டாவது வாரம் எழுதியிருந்தேன். அன்று வாயைத் திறக்கவில்லை. எனக்குக் கொடுத்த வேலை, ஏரியல் கம்பியை ஒரு மூங்கிலில் கட்டி, தவிட்டு மூட்டை மேல் ஏறி நின்று தூக்கிப் பிடிப்பது.

"வேற எதையும் தொடாதீங்க" என்றார்.

திரைக்குள்ளிருந்து, "எரியுது, வெளக்கு எரியுது!" என்று ஒரு கூச்சல். பிறகு கரகரப்பு. சீழ்க்கை. அறிவிப்பாளர். யாரோ காரைக்குடிக்காரர் தன் அண்ணனிடம் பேசினார். அப்புறம்...

"அம்மா, நான் ஹமீது பேசுறேன். அஸ்ஸலாமு அலைக்கும். ஒடம்பு நல்லா இருக்காம்மா? நான் நல்லா இருக்கேன். அடுத்த நோன்புக்கு ஊருக்கு வரப் பாக்குறேன். நான் அனுப்பிச்ச ரேடியோ நல்லாப் பாடுதாம்மா? இப்ப அதுலதான கேக்குறீங்க?"

கேட்டுவிட்டு நிறுத்தினான். பதில் வரும் என்று நினைத்தவன் போல நிறுத்தினான்.

திரைக்குள்ளிருந்து அந்த அம்மாள் சொன்னார். "பாடுதுப்பா... நல்லாப் பாடுது."

"சபியா..." என்றான் ஹமீது. உலகமே கேட்கிறது என்ற வெட்கமோ என்னவோ, "கடுதாசி போடுறேன்" என்று முடித்துவிட்டான். உள்ளே வளையல் சத்தம் கேட்டது. மூங்கில் என் கையில் ஆடியது. கை வலியால் என்று சிதம்பரத்திடம் சொன்னேன். பொய்தான். அழுதுகொண்டிருந்தேன்.

திரும்பி வந்து வேனிலிருந்து இறங்கும்போது, அந்த அம்மாள் என் அருகில் வந்தார்.

"தம்பி, ரேடியோ இன்னைக்குத்தான் மொத மொதல்ல பாடுச்சுன்னு ஹமீதுக்கு எழுதிராத."

"எழுதமாட்டேன்மா" என்று வாக்குக் கொடுத்தேன். காப்பாற்றியும் விட்டேன். அவனுக்கு எழுதவில்லை, உங்களுக்குத்தானே எழுதியிருக்கிறேன்?

சிங்கப்பூரில் இருக்கும் வாசகர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: அவன் கடைப் பக்கம் போவதாக இருந்தால், தயவுசெய்து இந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டுப் போங்கள்.