இண்டைக்கு என்ன நிறம்?

போன திங்கட்கிழமை காலை. மகளுக்குத் தலை இழுத்துப் பின்னிக்கொண்டிருந்தேன். ரிப்பனைப் பிடிக்கச் சொல்லிக் கையில் கொடுத்தால்... உள்ளங்கை மஞ்சள்.

அவ்வளவுதான். பள்ளிக்கூடப் பையைக் கதிரையில் போட்டுவிட்டு, ஓட்டோ பிடித்து டொக்டரிடம் ஓடினேன்.

டொக்டர் கண் இமையை இழுத்துப் பார்த்தார். வயிற்றைத் தட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"என்ன சாப்பாடு குடுக்கிறீங்கள்?"

"அவிச்ச பூசணிக்காய், கரட். பின்னேரம் பப்பாசி. ஒவ்வொரு நாளும், டொக்டர்."

"கண் வெள்ளையாத்தான் இருக்கு. இது பூசணிக்காயின்ர நிறம், அம்மா. கொஞ்சம் குறையுங்கோ."

எனக்கு மூச்சு வருவதற்குள், ஐந்து வயது ஆதிரா நிமிர்ந்து உட்கார்ந்து, வெளியே வாங்கில் காத்திருந்தவர்களுக்கும் கேட்கும்படி அறிவித்தாள்: "டொக்டர், நான் காலையில கக்கா போனது பிறவுண்!"

டொக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "உங்கட வீட்டில இதெல்லாம் ஒரு கதையோ?"

"ஓம் டொக்டர்" என்றேன். வேறென்ன சொல்ல?

உங்களுக்காவது காரணத்தைச் சொல்கிறேன்.

என் கணவர் சுதன் திருகோணமலைத் துறைமுகத்தில் பைப் வேலை செய்பவர். கப்பல்களுக்குத் தண்ணீர் போகும் குழாய்களெல்லாம் அவர் கைபட்டவை. கல்யாணமான புதிதில், சனிக்கிழமைகளில் பாலத்தைக் கடந்து கிண்ணியாவுக்குப் போவோம் – அவரோடு வேலை செய்யும் ரிஸ்வான் நானா வீட்டுக்கு. மோட்டார் சைக்கிளில், முகத்தில் உப்புக் காற்றோடு. பாரை மீன் குழம்பு. அதற்கு மேல் எருமைத் தயிர், இனிப்பான பாணி விட்டு. ஒரு சட்டித் தயிரில் பாதி இவருக்கு. சட்டியின் ஓரத்தை விரலால் வழித்து முடித்த பிறகுதான் எழும்புவார்.

"தங்கச்சி, உங்கட மனிசனுக்கு வயிறு ஒண்டா, ரெண்டா?" என்பார் ரிஸ்வான் நானா.

அந்த விரல், அந்தச் சட்டி... இப்போதும் கண்ணுக்குள் நிற்கின்றன.

ஆதிராவுக்கு ஒரு வயதாக இருந்தபோது சுதனின் கண்கள் மஞ்சளாகின. செங்கமாரி என்றார்கள் எல்லோரும். செங்கமாரிக்கு ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் எங்கள் பக்கத்தில் எத்தனை பேர்? கீழ்க்காய்நெல்லியை அரைத்து, ஆட்டுப்பாலில் கலந்து, வெறும் வயிற்றில் கொடுப்பது. உப்பில்லை, எண்ணெயில்லை.

நான் உயர்தரத்தில் உயிரியல் படித்தவள். ஈரலையும் பித்தப்பையையும் படம் கீறி, நிறம் தீட்டிப் புள்ளி வாங்கியவள். நானே அரைத்தேன். அலுமாரிக் கதவில் நேர அட்டவணைகூட ஒட்டினேன். மனிதர் மெலிந்துகொண்டு போனார். "பத்தியம் பிடிச்சிட்டுது" என்றார்கள். எனக்குக் கொஞ்சம் பெருமைகூட. உடம்பெல்லாம் கடி என்று சொறிந்தார் – வேப்பிலை அவித்துக் குளிக்க வார்த்தேன்.

மூன்று கிழமை, இருபத்தொரு நாள் இப்படி. ஒரு நாள் ரிஸ்வான் நானா தயிர்ச் சட்டியோடு வந்தார். சுதனைப் பார்த்தவர் சட்டியைக் கீழே வைக்கவே இல்லை.

"தங்கச்சி, வெறும் செங்கமாரி எண்டா இதுக்குள்ள இறங்கியிருக்கும். மச்சான், சேர்ட்டைப் போடு. வா."

ஆஸ்பத்திரியில் முதல் கேள்வி: "மலம் என்ன நிறத்தில போகுது?"

சுதன் என்னைப் பார்த்தார். பிறகு நிலத்தைப் பார்த்தார். "வெள்ளை... சுண்ணாம்பு மாதிரி. மூண்டு கிழமையா."

"ஏன் என்னட்டச் சொல்லேல்லை?"

"இதைப் போய் உன்னட்ட எப்பிடியப்பா சொல்லுறது?"

அவர் சொல்லவில்லை. சரி, நான் கேட்டேனா?

பித்தக்குழாய் சிறுகுடலில் வந்து சேரும் வாயில், ஒரு கட்டி. விளையாடும் போளையளவுதான். பித்தத்தைக் குடலுக்குப் போகவிடாமல் அடைத்து, மலத்தை வெளுக்க வைத்தது அது. அபூர்வமாகத்தான் அந்த இடத்தில் வருமாம். கொழும்புக்கு அனுப்பினார்கள். அங்கே சத்திரசிகிச்சை நிபுணர் ஒரு தாளில் படம் கீறினார். கணையத்தின் தலைப்பகுதி, சிறுகுடலின் தொடக்கம், பித்தப்பை, இரைப்பையில் ஒரு துண்டு – இவ்வளவும் வெட்டி எடுக்க வேண்டும். மிச்சத்தை மூன்று இடத்தில் குடலோடு பொருத்த வேண்டும்.

எனக்குத் தாள் கலங்கித் தெரிந்தது. சுதன் அதை வாங்கி, துறைமுகத்துக் குழாய் பிளான் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"மூண்டு ஜொயின்ட். இதில லீக் அடிக்கிறது எது, டொக்டர்?"

நிபுணர் அவரை நிமிர்ந்து பார்த்தார். "ஒருத்தரும் என்னட்ட இப்பிடிக் கேட்டதில்லை. கணையத்தில போடுற ஜொயின்ட்தான். மெத்து மெத்தெண்டு இருக்கும், தையல் நிக்கிறது கஷ்டம். அது லீக் அடிச்சா உயிருக்கே ஆபத்து."

"அப்ப பக்கத்தில வடியிறதுக்கு ஒரு ட்ரெயின் பைப் வையுங்கோ."

"வைப்பம்" என்றார் அவர், சிரிக்காமல்.

காலையில் உள்ளே கொண்டுபோனார்கள். வெளியே வந்தபோது பின்னேரம். அடுத்த பன்னிரண்டு நாளும் எங்கள் உலகம் அந்த வடிகுழாய்ப் பைதான். கண் திறந்ததும் கேட்பார்: "இண்டைக்கு என்ன நிறம்?" நான் குனிந்து பார்த்துச் சொல்வேன். சிவப்பு. ரோஸ். பிறகு ஒரு நாள் – தெளிந்த வைக்கோல் நிறம், அதுவும் கொஞ்சம்தான். தையல் நின்றுவிட்டது.

சொன்னால் நம்ப மாட்டீர்கள்... அந்த ஆஸ்பத்திரி வோர்ட்டை இப்போது நினைத்து ஏங்குகிறேன். பிளாஸ்டிக் கப்பில் ஆறிப்போன தேத்தண்ணி, என் மணிக்கட்டைப் பிடித்தபடி அவர் தூங்கிய மத்தியானங்கள். எங்களுக்குள் மறைக்க ஒன்றுமே இல்லாமல் போனது அங்கேதான்.

துண்டு வெட்டி வீட்டுக்கு விடும் அன்று கேட்டுவிட்டேன். "டொக்டர், அந்த மூண்டு கிழமை... நான்தானே பிந்த விட்டனான்?"

"முதலே வந்திருக்கலாம்தான்" என்றார். "ஆனா இந்த இடத்துக் கட்டி கண்ணை மஞ்சளாக்கித் தன்னைக் காட்டிக் குடுத்திட்டுது. கொஞ்சம் தள்ளி வந்திருந்தா, சத்தமில்லாமல் வளர்ந்திருக்கும்."

நான் முதல் வசனத்தை வைத்துக்கொண்டு அடிக்கடி அழுகிறேன். சுதன் மற்றதை வைத்துக்கொண்டு வேலைக்குப் போகிறார்.

இப்போது அவருக்குச் சின்னத் தட்டு. ஒரு நாளைக்கு ஆறு தரம், ஒவ்வொரு தரமும் ஒரு மாத்திரையோடு. தயிர் மூன்று கரண்டி. ரிஸ்வான் நானா இன்னும் முழுச் சட்டிதான் கொண்டுவருகிறார். ஓரத்தை வழிப்பது ஆதிரா. ஸ்கான்கள் இதுவரை சுத்தம். ஒவ்வொரு தரமும் முடிவு வரும்வரை நான் சோறு தின்பதில்லை, அது வேறு கதை.

திங்கட்கிழமை டொக்டரிடமிருந்து வெளியே வந்ததும் சுதனுக்குப் போன் எடுத்தேன். பூசணிக்காய் என்றதும், "கண் வெள்ளைதானே?" என்று இரண்டு தரம் கேட்டார். பிறகுதான் சிரித்தார். அன்று அவர் விடிய முன்னமே வேலைக்குப் போயிருந்தார், தினமும் காலையில் கேட்கும் கேள்வி விட்டுப்போயிருந்தது.

"உங்களுக்கு?"

"எல்லாரும் நிக்கினமப்பா..."

பின்னால் ரிஸ்வான் நானாவின் குரல்: "சொல்லு மச்சான், வெக்கப்படாத!"

அந்த நேரம் பார்த்து ஒரு கப்பல் ஊதியது. அதற்கும் மேலாகச் சுதன் கத்தினார்: "பிறவுண்!"

திருகோணமலைக்கு வந்த மாலுமிகள் என்ன நினைத்தார்களோ... நான் நிம்மதியாகப் போனை வைத்தேன்.