ஏழாம் வரிசை, பத்தொன்பதாம் இடம்

எங்கள் கல்லறைத் தோட்ட அலுவலகத்தில் இருபத்தாறு ஆண்டுகள் தட்டச்சு செய்தவரை எல்லோரும் டைப்பிஸ்டம்மா என்போம். பதிவேடுகள் என் பொறுப்பு; என் மேஜைக்கு எதிர் மேஜை அவருடையது. அவர் கணவர் ஏழாம் வரிசையில் பதினெட்டாம் இடத்தில் அடங்கியிருந்தார். பக்கத்துப் பத்தொன்பதைத் தமக்கென்று எழுதி வைத்துக்கொண்டார். "உங்களுக்கெல்லாம் வாடகை வீடு. எனக்குச் சொந்தமா இடம் இருக்கு" என்று சிரிப்பார்.

ஒரு முற்பகல், காற்றே இல்லாத அறையில் அவருக்கு உடம்பு சிலிர்த்துத் தூக்கிப் போட்டது. மேலாளர் பார்த்துவிட்டார்.

"காரணமில்லாம சிலிர்த்தா இங்கிலீஷ்காரன் என்ன சொல்வான் தெரியுமா? யாரோ என் கல்லறை மேல நடந்து போறாங்கம்பான். சும்மா பேச்சுக்குத்தான்."

"அவங்களுக்கு அது பேச்சு சார். எனக்கு இடமே இருக்கே." இம்முறை அவர் சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து ஒவ்வொரு சிலிர்ப்பையும் நேரத்தோடு தாளில் குறித்தார். இரண்டு மாதத்தில் நாற்பத்தொன்று. தாளை என்னிடம் நீட்டினார். "அண்ணே, செத்த பிறகாவது நிம்மதியாப் படுக்கணும். அங்கயும் மிதிபட்டுக் கிடக்கச் சொல்றீங்களா?"

பத்தொன்பதைச் சுற்றிக் கம்பி கட்டினோம். சிலிர்ப்பு நிற்கவில்லை.

பழைய வரைபடத்தை விரித்து அளந்தபோதுதான் என் பிழை தெரிந்தது. எண்கள் ஏறும் திசையை மாற்றிப் படித்திருந்தேன். நாங்கள் வேலி போட்டது காலியாகக் கிடந்த பதினேழுக்கு. உண்மையான பத்தொன்பது, கணவரின் மறுபக்கம், தண்ணீர்க் குழாய்க்குப் போகிறவர்கள் மிதித்து மிதித்து வழுக்கையாகிப்போன தரை. அவருடைய தாளை வாசல் பதிவேட்டோடு ஒப்பிட்டேன். நாற்பத்தொரு நேரங்களிலும் ஏழாம் வரிசைக்கு யாரோ வந்திருந்தார்கள்.

குழாயை இடம் மாற்றினோம், வேலியையும். எட்டு மாதம் ஒரு சிலிர்ப்பும் இல்லை. தரையில் புல்கூட முளைத்துவிட்டது.

பிறகு ஒரு மழைநாள் பிற்பகல். வாசல் பூட்டியிருந்தது, உள்ளே எங்களைத் தவிர யாருமில்லை. தட்டச்சு பாதியில் நின்றது. அவர் முகம் வெளுத்திருந்தது.

"நடக்கலண்ணே. நிக்கிறாங்க."

குடையோடு போனோம். வேலிக்குள் புல் இரண்டு இடத்தில் அமுங்கியிருந்தது, பாத அளவில். இடது பாதத்தில் மட்டும் குதிகால் பதியவில்லை. வந்த தடமும் இல்லை, போன தடமும் இல்லை. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் புல் இன்னும் கொஞ்சம் தாழ்ந்தது.

டைப்பிஸ்டம்மா கணவரின் கல்லைப் பார்த்து முறைத்தார். "குதிகால் ஊன முடியாத மனுசன், இந்த மழையில என்ன அவசரம்? வெளிய கிளம்பணும்னா வாசல்ல நின்னுக்கிட்டு உயிரை வாங்குறதே வேலை." பிறகு குரல் தணிந்தது. "இன்னும் ரெண்டு பக்கம் இருக்கு. முடிச்சுட்டு வரேன்."

அலுவலகம் திரும்பி அந்த இரண்டு பக்கங்களையும் பிழையில்லாமல் அடித்தார். இயந்திரத்துக்கு உறை போட்டார். மறுநாள் வியாழக்கிழமை காலை ஒன்பது பத்துக்கு அவர் பெயரை அடக்கப் பதிவேட்டில் ஏற்றினேன்.